மாறுவேடக் கிருமியும் ரொனால்டு ராஸும்

மலேரியாவைப் பரப்புவது கொசு என்று இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒருவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ரொனால்டு ராஸ் 1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயப் படை அதிகாரி. எட்டு வயதில் ராஸைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கவிதை, ஓவியம் என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் தந்தையின் விருப்பப்படி மருத்துவம் படித்து, 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். நம் சென்னையிலும் சில காலம் பணியாற்றினார்.

பிறகு செகந்திராபாத்தில் கொசு ஆராய்ச்சி. கடும் புழுக்கம்! விசிறி போட்டால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும். நெற்றி வியர்வை வழிந்து நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. மலேரியா நோயாளி ஒருவர், கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி பெற்றுக்கொண்டு தம்மைக் கடிக்க விட்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று, அப்படிக் கடித்த ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார் ராஸ். அடுத்த மாதமே மலேரியா நோயாளிகள் கிடைக்காத ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்தது! 1898-ல் கல்கத்தாவில் பறவைகளை வைத்து மீதியை முடித்தார். கொசுவின் உமிழ்நீர் வழியாகவே கிருமி பரவுகிறது என்று காட்டினார். 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தாலிய விஞ்ஞானி கிராசியுடன், யார் முதல் என்று நெடுங்காலம் சண்டையும் போட்டார். அது அவருக்கு அழகில்லை.

1910-ல் லிவர்பூலில் இன்னொரு வேலை. ஆப்பிரிக்கத் தூக்க நோய் கண்ட ஒருவரின் இரத்தத்தில் தினமும் கிருமிகளை எண்ணினார், உடன் தாம்சன் என்ற மருத்துவர். எண்ணிக்கை ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. கடலலை போல! ஏன் என்பதற்கு முழு விடை 1932-ல் ராஸ் மறையும்வரை கிடைக்கவில்லை.

அக்கிருமி அடிக்கடி மேல்சட்டையை மாற்றிக்கொள்கிறது. மலேரியாக் கிருமியும் அப்படித்தான். சிவப்பணுவுக்குள் ஒளிந்துகொண்டு, அதன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டுகிறது. அதனால் அந்த அணு இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கிருமியை அழிக்கும் மண்ணீரலுக்குப் போகாது. நம் உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளைத் தயாரிப்பதற்குள், சில கிருமிகள் வேறு புரதத்துக்கு மாறிவிடும். கொடிய வகை மலேரியாக் கிருமியிடம் இப்படிச் சுமார் 60 வேடங்களுக்கான மரபணுக்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் போடும். பள்ளி மாறுவேடப் போட்டியில் ஒரே பையன் 60 முறை மேடையேறினால் எப்படியிருக்கும்! இந்த மரபணுக்களை 1995-ல்தான் கண்டறிந்தார்கள்.

2021-ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த முதல் மலேரியாத் தடுப்பூசி, கிருமி சிவப்பணுவுக்குள் போய் வேடம் கட்டும்வரை காத்திருப்பதில்லை. கொசு கடித்து உள்ளே வந்தவுடனேயே அதைப் பிடிக்கப் பார்க்கிறது.