வெளியே வந்தா எங்கே போவாள்? பண்டித ரமாபாயின் கதை

ஒரு செய்தியை நினைச்சுப் பாருங்க. ஒரு கணவன் வருஷக்கணக்கா மனைவியை அடிச்சிருக்கான். ஒரு நாள் நிலைமை கைமீறிப் போய் பேப்பர்ல வருது. படிச்சதும் நம்மில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, இத்தனை நாள் அந்தப் பொண்ணு ஏன் வெளியே வரலை என்பதுதான். நானும் கேட்டிருக்கேன்.

ஆனா அந்தக் கேள்விக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. வெளியே வந்தா முதல் ராத்திரி எங்கே தூங்குறது? வீட்டுக்கு அட்வான்ஸ் யார் கொடுப்பா? குழந்தையோட ஸ்கூல் ஃபீஸ் என்ன ஆகும்? பிறந்த வீட்டுலயே, அனுசரிச்சுப் போம்மான்னு திருப்பி அனுப்பிட்டா அப்புறம் என்ன வழி? தைரியம் இருந்தாலும் கையில காசு இல்லைன்னா வாசல்படியைத் தாண்டுறது கஷ்டம்.

இந்தக் கணக்கை 130 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் போட்டுப் பார்த்தார். விடையைக் கட்டியும் காட்டினார். ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்துல, சமூக சீர்திருத்தம் பாடத்துல, ஒரே வரியில வந்துட்டுப் போற பெயர்: பண்டித ரமாபாய். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கிற வாழ்க்கையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

படிப்பு இருந்தது, பிழைப்பு இல்லை

ரமாபாய் பிறந்தது 1858 ஏப்ரல் 23. இடம், இன்றைய கர்நாடகாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காடு. அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் அவர் தன் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்றுக்கொடுத்தார். பண்டிதர்கள் சும்மா விடுவாங்களா? எதிர்ப்பு வந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னாளில் ரமாபாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாதான்.

வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டே குடும்பம் கடனில் விழுந்தது. ரமாபாய் கைக்குழந்தையாக இருக்கும்போதே காட்டு வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினார்கள். குழந்தையை ஒரு பிரம்புக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அதன்பிறகு வீடு என்ற ஒன்றே இல்லை. ஊர் ஊராக, கோயில் கோயிலாகப் போய்ப் புராணம் படிப்பார்கள். கேட்க வந்தவர்கள் தரும் காணிக்கைதான் வருமானம். அதிலும் பெரும்பகுதியைத் தான தர்மம் செய்துவிடுவார் அப்பா.

1870-களில் பஞ்சம் வந்தது. அப்போது அவர்கள் சென்னை மாகாணப் பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். காணிக்கை நின்றது. பாத்திரம், துணி, நகை எல்லாம் விற்றுத் தீர்ந்தது. சாப்பிட இலைகளும் தண்ணீரும்தான் என்று ஆனது. 1874-ல் அப்பா இறந்தார். சில வாரங்களில் அம்மா. பிறகு அக்கா. அப்போது ரமாபாய்க்கு 16 வயது. மிச்சம் இருந்தது அவரும் அண்ணன் சீனிவாசனும் மட்டும்.

இங்கே கொஞ்சம் நின்னு யோசிங்க. அந்த வீட்டில் படிப்புக்குப் பஞ்சமே இல்லை. பல்லாயிரம் சுலோகங்கள் மனப்பாடம். ஆனா உடம்பால் உழைச்சுக் கூலி வாங்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அந்தக் குலப் பெருமை விட்டிருக்காது. பிச்சை எடுக்கவும் மனசு வரலை. பெருமையும் அறியாமையும் சேர்ந்து தங்களைப் பட்டினியில் தள்ளியதை ரமாபாய் பிற்காலத்தில் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார். ப்ளேஸ்மென்ட் சீசன்ல டிகிரி வேற, ஸ்கில் வேறன்னு நாம பேசிக்கிறோமே, அந்தப் பாடத்தை அவர் மூன்று சாவுகளில் படிச்சார்.

பட்டமும் தாலியும்

அண்ணனும் தங்கையும் நடந்தார்கள். தெற்கிலிருந்து பஞ்சாப், காஷ்மீர் வரைக்கும் நடை. போர்த்திக்கொள்ளத் துணி இல்லாத குளிர் இரவுகளில் ஆற்று மணலில் குழி தோண்டி, கழுத்து வரை மணலை மூடிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். ஒரு இளம்பெண் சமஸ்கிருதத்தில் சரளமாகப் பேசுவதைப் பார்த்து அங்குள்ள அறிஞர்கள் அசந்துபோனார்கள். பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். 1880-ல் அண்ணனும் இறந்தார். அதே வருஷம் பிபின் பிகாரி என்ற வங்காள வழக்கறிஞரை ரமாபாய் மணந்தார். வேறு சாதி, வேறு மொழி, பதிவுத் திருமணம். 1881-ல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது.

23 வயதில் விதவை. கையில் பத்து மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் உயர்சாதி விதவைக்கு என்ன நடக்கும் தெரியுமா? தலையை மழித்துவிடுவார்கள். ஒரு வேளைச் சாப்பாடு. விடிஞ்சதிலிருந்து ராத்திரி வரை சம்பளமில்லாத வீட்டு வேலை. வீட்டு ஆண்களாலேயே கெடுக்கப்பட்டால் பழி அவள் மேல்தான். அவளுக்கென்று ஒரு பைசா கிடையாது. அதனால் எதையும் எதிர்த்துப் பேச முடியாது. இதில் பல பேர் கணவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத எட்டு வயது, பத்து வயதுக் குழந்தைகள்.

ரமாபாய் இந்தக் கதியிலிருந்து தப்பித்ததற்குக் காரணம், அவரால் பேசியும் எழுதியும் சம்பாதிக்க முடிந்ததுதான். அது அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருந்தது.

நிதி திரட்டிய கதை

அதே 1882-ல் புனே வந்து ஆரிய மகிளா சமாஜ் என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழு முன்னால் போய், பெண் ஆசிரியர்களும் பெண் டாக்டர்களும் வேண்டும் என்று வாதாடினார். மராத்தியில் ஒரு புத்தகம் எழுதி, அதை விற்ற காசில் 1883-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். டாக்டராகும் ஆசை, காது சரியாகக் கேட்காததால் முடிந்துபோனது. செல்டன்ஹாம் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தபடியே தானும் படித்தார். இங்கிலாந்தில்தான் கிறிஸ்தவரானார்.

1886-ல் அவருடைய உறவுப் பெண் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதைப் பார்க்கப் போன ரமாபாய் இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். ஊர் ஊராகப் பேசினார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையைப் பற்றி 1887-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வெறும் புலம்பல் இல்லை, கடைசியில் ஒரு திட்டமும் இருந்தது. விதவைகளுக்குத் தங்க இடம், கல்வி, சொந்தமாகச் சம்பாதிக்க ஒரு தொழில். பாஸ்டனில் ஒரு சங்கம் அமைந்து, பத்து வருஷத்துக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டது. இன்னைக்கு ஸ்டார்ட்அப் ஆளுங்க ஃபண்டிங் வாங்குற மாதிரிதான்.

அவர் கையில் எடுத்த பிரச்சினை எவ்வளவு நிஜம் என்பதற்கு அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கே சாட்சி. ரக்மாபாய் (பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இவர் வேறு ஆள்) 11 வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர். பெரியவளானதும் அந்தக் கணவனோடு வாழ மறுத்தார். 1887-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பளித்தது. 1888-ல் கணவனுக்கு 2000 ரூபாய் கொடுத்த பிறகுதான் விவகாரம் முடிந்தது. ரக்மாபாய் பின்னர் டாக்டரானார். அவருக்கு ஆதரவான குடும்பமும் பணமும் இருந்தது. இல்லாதவளுக்கு?

சாரதா சதன்

1889 மார்ச் 11. பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. அடுத்த வருஷம் புனேவுக்கு மாறியது. ஆரம்ப மாணவிகளில் ஒருவர் கோதுபாய் என்ற இளம் விதவை. 1893-ல் அவரை மறுமணம் செய்துகொண்டவர் தோண்டோ கேசவ் கார்வே. பின்னாளில் பெண்களுக்கென்று பல்கலைக்கழகமே தொடங்கி, பாரத ரத்னா வாங்கினாரே, அதே கார்வேதான்.

ஆனா அதே 1893-ல் பெரிய புயல் அடிச்சது. சதனில் மதப் பாடம் கிடையாது என்பது ஆரம்பத்திலேயே கொடுத்த வாக்கு. ரமாபாய் தன் அறையில் ஜெபம் செய்வார், கதவு திறந்தே இருக்கும், சில பெண்கள் போய் உட்காருவார்கள். சிலர் மதம் மாற விரும்புகிறார்கள் என்று செய்தி பரவியது. திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. ஆதரவாக இருந்த ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல பெண்களை அவர்களுடைய வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

யார் பக்கம் நியாயம் என்பதில் இன்னைக்கும் ஒருமித்த கருத்து இல்லை. போக்கிடம் இல்லாத ஒருத்தி, சோறு போடுபவரின் நம்பிக்கையைச் சுதந்திரமாகத்தான் ஏற்றுக்கொண்டாளா என்ற கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். கூடவே இன்னொரு கேள்வியும் இருக்கு. வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவர்கள் அந்தப் பெண்களை எந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்? அவர்களுக்கென்று வேறொரு இடத்தை அதற்கு முன் ஏன் யாரும் கட்டவில்லை? கார்வேயின் விதவைகள் இல்லம் வந்ததே 1896-ல்தான்.

முக்தி

பத்து வருஷப் பணம் ஒரு நாள் நின்றுவிடும் என்று ரமாபாய்க்குத் தெரியும். அதனால் புனேவுக்குக் கொஞ்ச தூரத்தில் கேட்காவ் என்ற ஊரில் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, பழ மரங்கள் நட்டார். தோட்ட வருமானத்தில் இல்லம் ஓடட்டும் என்பது கணக்கு.

அதற்குள் 1896-97 பஞ்சம் வந்தது. மத்திய மாகாணத்து நிவாரண முகாம்களுக்கு நேரில் போனார். 16 வயதில் தான் அனுபவித்த பசியை மறுபடி பார்த்தார். அதைவிட மோசமாக, ஆதரவில்லாத சிறுமிகளை ஒரு வேளைச் சோற்றுக்காக ஆண்கள் கடத்திப்போவதையும் பார்த்தார். சுமார் 300 பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். புனேவில் ப்ளேக் பரவிய நேரம், நகரத்துக்குள் அத்தனை பேரை வைத்திருக்க அனுமதி இல்லை. கேட்காவ் நிலத்தில் கொட்டகை போட்டார்கள். அதற்கு வைத்த பெயர் முக்தி. 1900-ல் குஜராத் பஞ்சம் வந்த பிறகு அங்கே ஏறக்குறைய 2000 பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

இவ்வளவு பேருக்கு அவர் வெறும் சோறு மட்டும் போடவில்லை. நெசவு, எண்ணெய் ஆட்டுதல், மாட்டுப் பண்ணை, விவசாயம், தையல் என்று ஆளுக்கொரு வேலை. சாதி பார்க்காமல் எல்லோருக்கும் உடலுழைப்பு. ஒரு அச்சகம் இருந்தது. அச்சுக் கோர்ப்பதிலிருந்து புத்தகம் தைப்பது வரை பெண்களே செய்தார்கள். பார்வையற்றவர்களுக்கு மனோரமா பிரெயில் கற்றுக்கொடுத்தார். ஊர் கெட்டுப்போனவர்கள் என்று ஒதுக்கிய பெண்களுக்குக் கிருபா சதன் என்று தனி இல்லம். அங்கே படித்து ஆசிரியையாகவும் நர்ஸாகவும் வெளியே போனவர்கள் உண்டு.

பசியில் வாடிய அந்தப் பண்டிதர் குடும்பத்திடம் எது இல்லாமல் போனதோ, அதையே ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்த மாதிரி எனக்குத் தோணுது.

1921-ல் மகள் மனோரமா இறந்தார். அதற்குப் பின்னும் ரமாபாய் தன் மராத்தி பைபிள் மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று முக்தியிலேயே இறந்தார். வயது 63. அந்த இல்லம் இன்றும் கேட்காவில் நடக்கிறது.

நம்ம காலத்துக்கு

இன்னைக்குச் சட்டம் இருக்கு. 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டப்படி ஒரு பெண்ணை அவள் வாழும் வீட்டிலிருந்து சும்மா துரத்திவிட முடியாது. செலவுக்குப் பணமும் கேட்கலாம். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமா கூப்பிடலாம். ஒன் ஸ்டாப் சென்டர்களில் போலீஸ், மருத்துவ, சட்ட உதவியோடு சில நாள் தங்க இடமும் கிடைக்கும். இந்த எண்ணை இப்பவே போன்ல சேவ் பண்ணிக்கோங்க. உங்களுக்குத் தேவைப்படாம இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கோ, கூடப் படிக்கிற தோழிக்கோ தேவைப்படலாம்.

ஆனா அந்தச் சில நாள் முடிஞ்ச மறுநாள் காலையில என்ன? வாடகை, வேலை, குழந்தை? ரமாபாய் நிலம் வாங்கியதும் அச்சகம் வச்சதும் அந்த மறுநாளுக்காகத்தான். அந்தப் பகுதி நம்ம காலத்துலயும் இன்னும் பாதிதான் கட்டி முடிஞ்சிருக்கு.

அதனால அடுத்த தடவை யாராவது, அவ ஏன் வெளியே வரலைன்னு கேட்டா, வந்தா எங்கே தங்குவாள்னு திருப்பிக் கேளுங்க. பதில் உங்ககிட்ட இருந்தா, அதை முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லுங்க.