தீவிலே ஒரு சமையற்காரி

நியூயார்க் நகரத்துச் சீமான்கள் கோடை வெயிலுக்கு ஒதுங்கும் கடற்கரை ஊர் ஓயிஸ்டர் பே. 1906ஆம் ஆண்டு, சார்லஸ் வாரன் என்ற வங்கி முதலாளி அங்கே ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்துடன் தங்கினார். எஜமானர்களும் ஏவலாட்களுமாக வீட்டிலே 11 பேர். ஆகஸ்டு மாதக் கடைசியிலே ஒருவர் காய்ச்சலில் படுத்தார். ஒரு வாரம் சென்றது; ஆறு பேர் படுத்துவிட்டனர். டாக்டர்கள் பார்த்தனர், டைபாய்டு என்றனர்.

டைபாய்டா? மாளிகையிலா? அது சாக்கடையோரத்து நோய் ஆயிற்றே, சந்துக்குடிசையின் நோய் ஆயிற்றே, சலவைக்கல் பதித்த கூடத்துக்குள்ளே எப்படி நுழைந்தது? வீட்டுச் சொந்தக்காரருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நோய் வீடு என்று பெயர் பரவிவிட்டால் அடுத்த கோடைக்கு யார் குடிவருவார்? ஆகவே ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியியல் நிபுணரைக் கூலி கொடுத்து அமர்த்தினார். நியூயார்க்கின் நெருக்கடிக் குடியிருப்புகளிலே அந்தக் காய்ச்சல் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கிலே ஆட்களை அள்ளிக்கொண்டு போயிற்று. அதற்காக எந்த வீட்டுச் சொந்தக்காரரும் தூக்கம் இழந்ததாக நாம் கேள்விப்படவில்லை!

சோப்பர் கெட்டிக்காரர். தண்ணீரைச் சோதித்தார், பாலைச் சோதித்தார், கடற்கரையிலே விற்ற சிப்பியைக்கூட விடவில்லை. எதிலும் குற்றம் இல்லை. பிறகுதான் ஆட்களைக் கணக்கெடுத்தார். நோய் வருவதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு புதிய சமையற்காரி வந்திருக்கிறார். நோய் கண்ட சில வாரங்களிலே போய்விட்டார். கொதிக்கவைத்த பண்டத்திலே கிருமி பிழைக்காது. ஆனால் அந்த அம்மையார் பச்சைப் பீச்சுப் பழத்தை நறுக்கிப் போட்டுச் செய்யும் ஐஸ்கிரீமிலே கைதேர்ந்தவராம். சோப்பர் நூல் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனார். 1900 முதல் அவர் வேலை பார்த்த வீடுகள் எட்டு. அவற்றுள் ஏழிலே டைபாய்டு! நோயுற்றவர் 22 பேர்.

அந்தச் சமையற்காரியின் பெயர் மேரி மாலன். அவருக்கு வேறொரு பெயர் சூட்டினார்கள், நோயின் பெயரையே அடைமொழியாக்கி, டைபாய்டு மேரி என்று! அந்தப் பெயரிலேதான் உலகம் இன்றும் அவரை அறியும். நாம் அவரைத் தாய் தந்தையர் இட்ட பெயரிலேயே அழைப்போம்.

1869ஆம் ஆண்டு அயர்லாந்திலே, டைரோன் மாவட்டத்துக் குக்ஸ்டவுன் என்னும் ஊரிலே பிறந்தவர். பஞ்சம் துரத்திய நாடு அது. கப்பலேறியவர்களுக்குக் கணக்கே இல்லை. மேரியும் பதின்பருவத்திலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். சீமான் வீட்டிலே வேலை, சமையற்கட்டிலே வாழ்வு. பாத்திரம் துலக்குவதிலும் துணி துவைப்பதிலும் தொடங்கும் அந்த ஏணியிலே சமையற்காரிதான் மேல்படி; கூலியும் கொஞ்சம் அதிகம், மரியாதையும் கொஞ்சம் அதிகம். கணவன் இல்லை, காணி இல்லை, கைப்பக்குவம் ஒன்றுதான் மேரியின் சொத்து. இதைத் தோழர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த அத்தனைக்கும் அடிப்படை இதுதான்.

1907ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். பார்க் அவென்யூ என்னும் பணக்கார வீதியிலே ஒரு வீட்டுச் சமையற்கட்டு. அந்த வீட்டிலும் டைபாய்டு புகுந்து, பெண்ணொருத்தி இறந்துபோனாள். சோப்பர் அங்கே வந்து நின்றார். உன் கையால் நோய் பரவுகிறது, உன் இரத்தம் வேண்டும், மலம் வேண்டும், மூத்திரம் வேண்டும் என்று கேட்டார். வாழ்நாளிலே ஒரு நாளும் டைபாய்டு கண்டதாக நினைவில்லாத, திடகாத்திரமான பெண்மணியிடம், முன்பின் தெரியாத ஓர் ஆடவர் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும்? மேரி, இறைச்சி அறுக்கும்போது குத்திப் பிடிக்கும் பெரிய முட்கரண்டியை எடுத்தார். சோப்பர் ஓட்டம் பிடித்தார்.

சோப்பர் சொன்னது பொய்யல்ல. டைபாய்டு கண்டு பிழைத்தவர்களிலே ஒரு சிலருக்கு அந்தக் கிருமி பித்தப்பையிலே குடியேறிவிடுகிறது. ஆளுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் மலத்தோடு வெளிவந்துகொண்டே இருக்கும். கைகழுவுவதிலே கொஞ்சம் குறை இருந்தால் போதும், கறிகாயிலே ஏறிவிடும். ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் இந்த உண்மையை வெளியிட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. டாக்டர்களுக்கே புதுச்செய்தி! அதை அடுப்படியிலே நின்றபடி ஒரே மூச்சிலே ஒரு சமையற்காரி ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

அடுத்து, சுகாதார இலாகாவிலிருந்து ஜோசபின் பேக்கர் என்ற பெண் டாக்டர் வந்தார். பிற்காலத்தில் ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளைக் காக்கப் பாடுபட்டுப் புகழ் பெற்றவர் அவர், கொடியவர் அல்லர். ஆனால் அன்று வந்தது போலீசோடு! மேரி ஒளிந்துகொண்டார். மணிக்கணக்கிலே தேடி, ஓர் அறைக்கதவின் இடுக்கிலே மாட்டியிருந்த துணியைக் கண்டு பிடித்தார்கள். அவர் திமிறினார், உதைத்தார். ஆம்புலன்ஸ் வண்டியிலே ஏற்றி, டாக்டர் அம்மையாரே மேலே உட்கார்ந்து அழுத்திக்கொண்டு போனார். சோதனையிலே கிருமி இருந்தது. கிழக்கு ஆற்றின் நடுவே நார்த் பிரதர் என்றொரு தீவு. தொற்றுநோயாளிகளுக்கான ரிவர்சைடு ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. அந்தத் தீவிலே ஒரு சிறு குடில் கொடுத்து மேரியைக் குடியேற்றினார்கள்.

குற்றம் என்ன? இல்லை. விசாரணை? இல்லை. தண்டனைக் காலம்? அதுவும் இல்லை! திருடனுக்கும் இத்தனை மாதம் என்று நாள் குறிக்கிறார்கள். நோயற்ற ஒரு பெண்ணுக்கு நாள் குறிக்க நகரத்துக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளிலே 163 முறை மலத்தைச் சோதித்தார்கள். 120 முறை கிருமி இருந்தது, 43 முறை இல்லை. மேரி தம் செலவிலே தனியார் கூடத்துக்கு அனுப்பிய மாதிரிகளிலோ கிருமி இல்லை என்றே பதில் வந்தது. பித்தப்பையை அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். மாட்டேன் என்றார் மேரி. அந்நாளிலே அந்த அறுவையிலே பிழைப்பவர் பிழைப்பார், போகிறவர் போவார். போனாலும் கிருமி போகும் என்று உறுதி கூறுவார் எவருமில்லை.

1909ஆம் ஆண்டு மேரி வழக்குமன்றம் ஏறினார், ஆட்கொணர்வு மனுவோடு. நம் தோழர்களுக்கு அந்த மனு என்னவென்று விளக்க வேண்டியதில்லை! பொதுநலத்துக்கு ஆபத்தானவரைத் தனியே வைக்கச் சுகாதார இலாகாவுக்கு அதிகாரம் உண்டு என்றது மன்றம், மனு தள்ளுபடி. மீண்டும் தீவு.

இங்கேதான் நாம் தராசைக் கையிலே எடுக்கவேண்டும். ஒரு தட்டிலே, மேரி கரண்டி பிடித்தால் நாளை சாகக்கூடியவர்கள். மறு தட்டிலே, ஒரு பெண்ணின் உரிமை. டைபாய்டு அற்ப நோயல்ல; மருந்து இல்லாத அந்நாளிலே நூறு பேரைப் பிடித்தால் பத்துப் பேரையாவது கொண்டுபோகும். ஆகவே, மேரியைச் சமைக்கவிட மறுத்தது சரி. தனி ஒருவரின் உரிமை, பிறர் சோற்றிலே நஞ்சு கலக்கும் அளவுக்கு நீளாது. இதிலே நமக்கு ஐயமில்லை. நமக்கு உள்ள கேள்வி வேறு. ஊரார் உயிரைக் காக்க ஒருத்தியின் பிழைப்பை நிறுத்தினீர்களே, அந்தப் பிழைப்பின் விலையை யார் கொடுத்தது? ஊரா? ஒருத்தியா?

1910ஆம் ஆண்டு சுகாதார இலாகாவுக்குப் புதிதாக வந்த தலைவர் மேரியை விடுதலை செய்தார். இனிச் சமைப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார். சலவை வேலை ஒன்றும் கிடைத்தது. சமையற்கட்டின் கூலி எங்கே, சலவைத்தொட்டியின் கூலி எங்கே! சமையற்காரி என்றால் உண்ணச் சோறும் தங்க இடமும் உண்டு. சலவைக்காரிக்குக் கை வெளுப்பதுதான் மிச்சம். அந்த இடைவெளியை ஈடுகட்ட உதவித்தொகை இல்லை. வேறு தொழில் பழக்குவாரும் இல்லை. நாற்பது வயதுப் பெண்மணி, தெரிந்த ஒரே கலை விலக்கப்பட்ட கலை. கொஞ்ச நாளிலே மேரி இலாகாவின் கண்ணிலிருந்து மறைந்தார்.

1915ஆம் ஆண்டு. நியூயார்க்கின் ஸ்லோன் மகப்பேற்று ஆஸ்பத்திரியிலே 25 பேருக்கு டைபாய்டு. பெரும்பாலோர் டாக்டர்களும் தாதிமார்களும் வேலையாட்களும். இருவர் மாண்டனர். சமையற்கட்டிலே இருந்த அம்மையாரின் பெயர் மேரி பிரௌன். ஆம், அதே மேரி!

இதை நாம் பூசி மெழுகப் போவதில்லை. பெற்றெடுக்கத் தாய்மார்கள் வரும் இடத்திலே, எச்சரிக்கப்பட்டிருந்தும், எழுதிக் கொடுத்திருந்தும், பெயரை மாற்றிக்கொண்டு கரண்டி எடுத்தது பெரும் பிழை. தம்மிடம் கிருமி இருப்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை என்பது உண்மை. மாண்ட இருவருக்கு அது சமாதானம் ஆகாது. ஆனால் 1910இலே மேரிக்குச் சில டாலர் மாதந்தோறும் கொடுத்திருந்தால் இந்த இருவர் பிழைத்திருப்பார்களே என்று கேட்க அன்றைய நியூயார்க்கிலே ஆள் இல்லை. பிடித்தார்கள், தீவுக்கு அனுப்பினார்கள், இம்முறை ஆயுளுக்கும்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. கிருமி சுமந்த ஆரோக்கியர்கள் மேரி ஒருவர்தானா? நூற்றுக்கணக்கானோரை நகரம் பட்டியல் எடுத்தது. டோனி லபெல்லா என்று ஒருவர். அவரால் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், ஐவர் மாண்டனர் என்று கணக்கு. அவருக்கு ஆயுள் தீவு இல்லை. அல்போன்ஸ் கோட்டில்ஸ் என்று மற்றொருவர், ரொட்டிக்கடையும் உணவகமும் நடத்திய முதலாளி. பண்டத்தைத் தொடாதே என்று எச்சரித்தும் தொட்டார், 1924இலே பிடிபட்டார். நீதிபதி முன் நின்றார். கடையைத் தொலைபேசி மூலமே நடத்துவேன் என்று வாக்குக் கொடுத்தார்; வீட்டுக்குப் போனார்! அவர் கடைக்கு முதலாளி, ஆகவே தொலைபேசி போதும். மேரி கூலிக்காரி, தொலைபேசியிலே சமைக்க முடியுமா? மேரியின் கணக்கிலே பதிவானவர்கள் சுமார் ஐம்பது பேர், சாவு மூன்று. நகரத்திலே டைபாய்டு ஒடுங்கியதும் மேரியை அடைத்ததால் அல்ல. குளோரின் கலந்த நீர், காய்ச்சிய பால், ஒழுங்கான சாக்கடை இவை வந்ததால்.

2020இலே கொரோனா வந்தபோது இதே தராசு உலகமெங்கும் தூக்கப்பட்டது. கதவை அடை, உயிர் மிஞ்சும் என்றனர் ஒரு சாரார். அடைத்தால் வாழ்வா அது, உரிமை எங்கே என்றனர் மறு சாரார். இரு சாராரிலும் உரக்கப் பேசியவர்கள், வீட்டிலிருந்தபடியே மாதச் சம்பளம் வாங்க வழியுள்ளவர்கள். மூட்டை தூக்கியவர், செங்கல் சுமந்தவர், பிறர் வீட்டுப் பாத்திரம் தேய்த்தவர், இவர்களுக்கு உயிர் வேறு, உரிமை வேறு, கூலி வேறு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவர்களுக்கு மூன்றும் ஒன்று. எங்கே அடைப்போடு அரிசியும் பணமும் வந்ததோ, அங்கே அவர்களும் அடைந்து கிடந்தார்கள். வராத இடத்திலே நடந்தார்கள், மேரி சமையற்கட்டுக்கு நடந்ததைப் போலவே.

தீவிலே ஆண்டுகள் உருண்டன. ஒரு விந்தையைக் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்திலே மேரிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: புட்டி கழுவுவது, டாக்டர்களுக்கு உதவுவது, அதற்குச் சம்பளம்! செய்தார், ஒழுங்காகச் செய்தார், ஆண்டுக்கணக்கிலே செய்தார். 1910இலே வெளியே கொடுக்க முடியாத வேலையை, அடைத்து வைத்த பிறகு உள்ளே கொடுக்க முடிந்தது. ஆற்றைக் கடந்து நகரத்துக்குப் போய்வரவும் விட்டார்கள். போவார், கடைத்தெரு பார்ப்பார், மாலையிலே தாமாகவே படகேறித் திரும்புவார்.

1932இலே பக்கவாதம் தாக்கியது. அதன்பின் படுக்கைதான். 1938ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், அதே தீவிலே, 69ஆம் வயதிலே மேரி மாலன் இறந்தார். இரு தடவையும் சேர்த்துச் சிறைப்பட்டுக் கழித்தது ஏறத்தாழ 26 ஆண்டுகள். பிராங்ஸ் பகுதியிலே, புனித ரேமண்டு கல்லறைத் தோட்டத்திலே அடக்கம் செய்தார்கள்.