இம்பாலை நோக்கி

1944 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் தம் தலைமையிடத்தைச் சிங்கப்பூரிலிருந்து இரங்கூனுக்கு மாற்றினார். கட்டாக்கில் 1897இல் பிறந்தவர், ஐ.சி.எஸ். தேர்வில் வென்றும் அப்பதவியைத் துறந்தவர்; காங்கிரசுக்கு இருமுறை தலைவரானவர்; வீட்டுக்காவலிலிருந்து தப்பி ஜெர்மனி சென்று, நீர்மூழ்கிக் கப்பல் வழியே கிழக்காசியாவை அடைந்தவர். அவர் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் போர்க்கைதிகளாயிருந்த வீரர்களோடு, மலேயத் தோட்டங்களில் உழைத்த தமிழரும் திரளாகச் சேர்ந்திருந்தனர்.

அவ்வாண்டு மார்ச்சில் ஜப்பானியப் படை பர்மா எல்லையைக் கடந்து மணிப்பூருக்குள் நுழைந்தது. படையெடுப்பு ஒன்றே, நோக்கங்களோ இரண்டு. பர்மாவை மீட்கப் பிரித்தானியர் புறப்படும் தளமான இம்பாலைக் கைப்பற்றி, அவ்வழியை அடைப்பதே ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சியின் உடனடி நோக்கம். போசுக்கோ இம்பால் ஒரு வாயில் மட்டுமே. இந்திய மண்ணில் தம் படை காலூன்றினால், எதிரணியில் நிற்கும் இந்திய வீரர்கள் மனம் மாறுவர், மக்களும் கிளர்ந்தெழுவர் என அவர் கணக்கிட்டார். ஆதலால்தான் தம் வீரர்களை ஒற்றுப் பணிக்கும் எடுபிடி வேலைக்கும் மட்டும் பயன்படுத்த அவர் உடன்படவில்லை; போர்முனையில் நிற்கும் உரிமையை வற்புறுத்திப் பெற்றார்.

ஏப்ரலில் மொய்ராங்கில் மூவண்ணக்கொடி பறந்தது. இம்பாலுக்குச் செல்லும் சாலை கோகிமாவில் துண்டிக்கப்பட்டது. ஆயினும் நகரம் வீழவில்லை. ஏறத்தாழ மூன்று வார உணவோடு புறப்பட்ட ஜப்பானியர், எஞ்சிய நாள்களுக்கு எதிரியின் கிடங்குகளையே நம்பியிருந்தனர். பிரித்தானியத் தளபதி சிலிமோ படைகளை இம்பால் சமவெளிக்குள் பின்வாங்கச் செய்து, உணவையும் வெடிபொருளையும் வானூர்தி வழியே வரவழைத்தார். 1942இல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய படையன்று அது. இந்திய வீரர் பெருமளவில் அணி மாறுவர் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. மழைக்காலம் தொடங்க, பசியும் மலேரியாவும் குண்டுகளினும் மிகுதியாக உயிர்குடித்தன. ஜூன் 22இல் முற்றுகை உடைந்தது. ஜூலையில் பின்வாங்கும் ஆணை பிறந்தது.

1945 ஆகஸ்டில் தைபேயில் நேர்ந்த வானூர்தி விபத்தில் போஸ் மறைந்தார். மூன்று திங்களுக்குப்பின், அவர்தம் படையதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் பிரித்தானிய அரசு தில்லி செங்கோட்டையில் விசாரணைக்கு நிறுத்தியது. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. ஆயுள் முழுதும் நாடு கடத்துமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தியப் படையின் தலைமைத் தளபதி ஆக்கின்லெக், அத்தண்டனையை நீக்கி மூவரையும் விடுவித்தார்.