தலைப்பும் தண்டனையும்

ஏட்டைப் பிரித்ததும் நம் கண் தலைப்பைத் தேடுகிறது. கொட்டை எழுத்து கூப்பிடுகிறது. உள்தலைப்பு கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. பேட்டியோ, பெரும்புள்ளிகளை நம் திண்ணைக்கே கொண்டுவந்து பேசவைக்கிறது. இவையெல்லாம் என்றும் இருந்தவை என்றா எண்ணுகிறோம்? இல்லை! இங்கிலாந்தில் இவற்றை வழக்கமாக்கியோர் வரிசையில் முன்நிற்பவர், வில்லியம் தாமஸ் ஸ்டெட்.

1849ஆம் ஆண்டு, எம்பிள்டன் எனும் சிற்றூரில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். வணிக நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தவர், 1871இல், 22 வயதில், டார்லிங்டன் நகர 'நார்தர்ன் எக்கோ' நாளேட்டின் ஆசிரியரானார். 1883இல் லண்டன் 'பால்மால் கெஜட்' மாலை ஏட்டின் ஆசிரியர் பீடம் அவரைத் தேடிவந்தது.

அந்நாளைய ஏடுகள் எப்படி இருந்தன? பத்தி பத்தியாக, இடைவெளியின்றி, மதிற்சுவர்போல் எழுத்து! பாராளுமன்றப் பேச்சு பக்கம் பக்கமாய் அச்சாகும். ஓய்வுள்ள சீமான் படிப்பான். உழைத்துக் களைத்தவன் என் செய்வான்? ஸ்டெட் அந்தச் சுவரிலே சாளரம் வைத்தார். உள்தலைப்பு, படம், பேட்டி! சீமான்களின் ஏட்டிலே சேரிமக்களின் அவலம் செய்தியாயிற்று.

ஆனால், தோழர்களே, கொட்டை எழுத்து இருபுறமும் கூருள்ள வாள்! 1884 ஜனவரியில் தளபதி கார்டனைப் பேட்டி கண்டு வெளியிட்டார். சூடானுக்கு அவரையே அனுப்புக என்று ஏடு முழங்கிற்று, அரசும் அனுப்பிற்று. மறு ஆண்டே கார்ட்டூம் வீழ்ந்தது, கார்டன் கொல்லப்பட்டார். எழுதிய கை லண்டனில். வெட்டுண்ட தலை சூடானில்!

1885 ஜூலையில், ஏழைச் சிறுமியர் விலைபேசப்படும் கொடுமையை ஏட்டிலே அம்பலமாக்கினார். பெரிய விற்பனையாளர் ஏட்டைத் தொட மறுத்தனர். மக்களோ அலுவலக வாயிலில் மொய்த்தனர். ஆகஸ்டில் சட்டம் பிறந்தது. சம்மத வயது 13இலிருந்து 16 ஆயிற்று.

வெற்றி வந்தது, விலங்கும் வந்தது! கொடுமையை மெய்ப்பிக்க, 13 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தரகர் மூலம் 5 பவுனுக்குத் தாமே வாங்கச் செய்திருந்தார். கெடுக்கும் எண்ணமில்லை, ஆனால் அச்சிறுமி அடைந்த அச்சம் பொய்யா? தாய் அறிந்தே விற்றதாக ஏடு எழுதிற்று. வீட்டுவேலைக்கென்றே அனுப்பியதாகத் தாய் நீதிமன்றத்தில் கூறினாள். தந்தையின் அனுமதியோ பெறப்படவேயில்லை. தரகர் சொல்லை நம்பியவர், பெற்றோர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. கிடைத்தது மூன்று மாதச் சிறை.

வெட்கப்பட்டாரா? இல்லை. ஆண்டுதோறும் நவம்பர் 10 அன்று சிறையுடை அணிந்து லண்டன் வீதியில் நடந்தார். 1912 ஏப்ரல் 15இல், டைட்டானிக் கப்பலோடு கடலில் மறைந்தார்.

அவர் வடித்துத் தந்த கருவிகள் இன்று ஏட்டாளர் அனைவர் கையிலும் உள்ளன. எடுப்பான தலைப்பிடுவோம், தயக்கம் வேண்டாம்! ஆனால், அச்சுக்கு அனுப்புமுன் அந்தக் கதவைத் தட்டிவிட்டு வருவோம்.