சக்கர நாற்காலியில் இருந்து சேவை: டாக்டர் மேரி வர்கீஸ்

திருத்தணி, பொதட்டூர்பேட்டை மக்களுக்கு வேலூர் சி.எம்.சி. தெரிந்த பெயர். 1954ல் அங்கு பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் வாகன விபத்தில் சிக்கினார். தண்டுவடம் சேதமடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின.

மூளையின் கட்டளை கால்களுக்குப் போவதும், கால்களின் உணர்வு மூளைக்கு வருவதும் தண்டுவடம் வழியாகத்தான். சூடு பட்டதும் கை சட்டென விலகும் அனிச்சைச் செயலையோ தண்டுவடமே நடத்துகிறது. அதனால் செயலிழந்த கால்களும் சிலருக்குத் தானாகத் துள்ளும். அதைக் குணம் என்று நம்பிவிடக் கூடாது.

மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானது. 1972ல் பத்மஸ்ரீ பெற்றார், 1986ல் மறைந்தார்.

ஸப்ர் என்பது கைகட்டி உட்காருவதல்ல. தண்டுவடம் பாதித்தவரை வீட்டுக்குள் முடக்காமல், மறுவாழ்வு சிகிச்சைக்கு அழைத்துச் செல்வோம். அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக.