புல்லாங்குழலை மாற்றியமைத்த பொற்கொல்லர்

பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் நம் பிள்ளைகள் ஊதும் வெள்ளிநிறப் புல்லாங்குழலைப் பார்த்திருப்பீர்கள். அதன் துளைகளை விரல்கள் நேராக மூடுவதில்லை. விரல் அழுத்தும் மூடிகளே மூடுகின்றன. அந்த அமைப்பைத் தந்தவர் தியோபால்ட் போம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1794 ஏப்ரல் 9ஆம் தேதி பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்த போம், தந்தையிடம் தொழில் கற்றார். இளம் வயதிலேயே தமக்கு வேண்டிய குழலைத் தாமே செய்துகொண்டார். 1812இல் அவ்வூர் இசார்தோர் நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். பகலில் பட்டறை, இரவில் அரங்கு என்று உழைத்தவருக்கு 1818இல் அரசவை இசைக்குழுவில் இடம் கிடைத்தது.

அரங்கில் வாசிப்பவர் சுருதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. இசையமைப்பாளரும் பாடகரின் குரலும்தான் அதை முடிவு செய்யும். அன்றைய மரக்குழல் டி மேஜர் போன்ற சில ஸ்கேல்களில் இனிமையாக ஒலிக்கும். எஃப் மைனர் போன்றவற்றிலோ விரல்கள் தடுமாறும். சில சுவரங்கள் மங்கும், சில சுருதி விலகும். நம் வித்வான்கள் சுருதிக்கேற்ப வேறு குழலை எடுத்துக்கொள்வார்கள். ஓபராவில் பாட்டின் நடுவிலேயே சுருதி மாறிவிடும். குழலை மாற்ற நேரமிருக்காது.

1831இல் லண்டன் சென்ற போம், சார்லஸ் நிக்கல்சனின் வாசிப்பைக் கேட்டார். பெரிய துளைகள் கொண்ட அந்தக் குழலின் கனத்த நாதம் அவரை யோசிக்க வைத்தது. அதுவரை விரல் எட்டும் இடத்தில்தான் துளை போட்டார்கள். நாதம் கேட்கும் இடத்தில் துளையிட்டு, விரல் எட்டாத துளைகளை மூடிகளாலும் கம்பிகளாலும் இணைத்தார் போம். நகை செய்து பழகிய கைகள் அதற்கு உதவின. 1832இல் புதிய குழல் பிறந்தது.

ஆனால் விரல் வைக்கும் முறையே மாறிவிட்டது. பெயர்பெற்ற வித்வானான அவர், 38 வயதில் பாடத்தை மீண்டும் முதலிலிருந்து கற்றார். சொந்த நாட்டில் பலர் பழைய குழலை விட மனம் வராமல் ஒதுங்கினர். கார்டன் என்பவரின் யோசனையை எடுத்துக்கொண்டார் என்ற பழியும் வந்தது. அவர் தளரவில்லை. ஒலியியல் படித்து, 1847இல் உலோகத்தில் நேர்க்குழாயாக இன்னொரு குழலைச் செய்தார். 1851 லண்டன் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. பாரிசில் அவருடைய வளைய முறையைக் கிளாரினெட்டுக்கும் பயன்படுத்தினர்.

1881 நவம்பர் 25ஆம் தேதி, 87 வயதில் போம் காலமானார். இன்று நம் பிள்ளைகள் கையில் இருப்பது, பெரும்பாலும் அந்த 1847ஆம் ஆண்டுக் குழல்தான்.