இறக்கைக்குள் பார்க்க முடியாத விமானம்

சீனாவில் தயாரான சி919 பயணிகள் விமானம் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் விமானக் கண்காட்சிக்கு வந்தபோது, எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு சிறு விவாதம் நடந்தது. அந்த விமானம் நம் பக்கம் பறக்கத் தொடங்கினால் தான் அதில் ஏறப் போவதில்லை என்று அத்தை அறிவித்துவிட்டார். அவர் கையில் இருக்கும் கைப்பேசியும் சீனத் தயாரிப்புதானே என்று கேட்டதற்கு, கைப்பேசி வேறு, விமானம் வேறு என்றார். டிக்கெட் விலை பாதியானால் அத்தைதான் வரிசையில் முதல் ஆளாக நிற்பார் என்று மாமா கேலி செய்தார். நான் பொறியியல் படிப்பதால் என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். பதில் தேடப் போன நான், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு நடுவே வாழ்ந்த ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் பெயர் அந்தோனி ஃபோக்கர். டச்சுக்காரர். ஆனால் 1890 ஏப்ரல் 6ஆம் தேதி அவர் பிறந்தது நமக்குப் பக்கத்தில், கிழக்கு ஜாவாவில். தந்தை அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்தார். பையனுக்கு நான்கு வயதானபோது குடும்பம் நெதர்லாந்தின் ஹார்லெம் நகருக்குத் திரும்பியது.

ஃபோக்கருக்குப் படிப்பில் ஆர்வமில்லை. இடைநிலைக் கல்வியையே அவர் முடிக்கவில்லை. கார் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று 1910இல் தந்தை அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார். அவரோ அங்கே விமானம் கட்டத் தொடங்கிவிட்டார். கம்பிகள் வலைபோல் பின்னியிருந்ததால் அதற்குச் சிலந்தி என்று பொருள்படும் டச்சுப் பெயரை வைத்தார். முதல் சிலந்தியைக் கூட்டாளி ஒரு மரத்தில் மோதி உடைத்துவிட்டார். ஃபோக்கர் மீண்டும் கட்டினார். 1911 ஆகஸ்டு 31, டச்சு அரசியின் பிறந்தநாள். அன்று தம் சொந்த ஊரான ஹார்லெமில் பெரிய தேவாலயத்தின் கோபுரத்தைச் சுற்றிப் பறந்து காட்டினார். அப்போது அவருக்கு வயது 21. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின்மீது அவருக்கு இருந்த ஆசை கடைசிவரை குறையவில்லை.

அடுத்த ஆண்டு பெர்லின் அருகே நிறுவனம் தொடங்கினார். 1914இல் போர் வந்தது. சுழலும் உந்துவிசிறியின் இடைவெளி வழியாகவே துப்பாக்கி சுடும் அமைப்பை 1915இல் அவருடைய நிறுவனம் விமானத்தில் பொருத்தியது. அதன்பின் சில மாதங்களுக்கு மேற்குப் போர்முனையின் வானம் ஜெர்மானியர் கையில் இருந்தது. சிவப்பு பாரன் என்று பெயரெடுத்த ரிக்தோஃபன் ஓட்டிய மூன்றடுக்கு இறக்கை விமானமும் ஃபோக்கர் செய்ததுதான். தம் வயதுக்காரர்களையே கொல்லும் கருவியை அவர் செய்தார் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த மூன்றடுக்கு விமானத்தின் மறுபக்கம்.

1917 அக்டோபர் இறுதியில், இரண்டு விமானிகளின் விமானங்களில் மேல் இறக்கை வானத்திலேயே சிதைந்தது. இருவரும் இறந்தார்கள். எதிரி யாரும் சுடவில்லை. விமானங்களைத் தரையிறக்கி இறக்கைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வேலைத்தரம் மோசமாக இருந்தது. உள்ளே ஈரம் புகுந்து மரத்தையும் பசையையும் கெடுத்திருந்தது. தரக் கண்காணிப்பைச் சரிசெய்யும்படி ஃபோக்கருக்கு உத்தரவு வந்தது. பத்தே மாதத்தில், 1918 ஆகஸ்டில், அவருடைய அடுத்த ரக விமானத்திலும் இறக்கைகள் முறிந்தன. அந்த இறக்கைகள் செய்யப்பட்ட இடம் ஒரு பியானோ தொழிற்சாலை. அங்கேயும் ஒட்டிய இடங்களில் ஈரம். மரச்சட்டத்தைப் பிணைக்க வேண்டிய ஆணிகளே அதைப் பிளந்திருந்தன. இரண்டு முறையும் வடிவமைப்பைவிடக் கட்டிய விதத்தின்மீதே குற்றம் விழுந்தது.

ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது வேறொன்றை. அவருடைய டி-7 போர் விமானம் அவ்வளவு சிறப்பாக இருந்ததால், 1918 போர்நிறுத்த ஒப்பந்தம் அந்த ரகத்தைப் பெயர் குறிப்பிட்டே ஒப்படைக்கச் சொன்னது. எதிரிகளே கையெழுத்திட்டுக் கொடுத்த விளம்பரம்! தோற்ற நாட்டிலிருந்து அவர் 200க்கும் மேற்பட்ட விமானங்களையும் 400க்கும் மேற்பட்ட இயந்திரங்களையும் ரயில் வண்டிகளில் ஏற்றி நெதர்லாந்துக்குக் கடத்திச் சென்றார். இது அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லும் கணக்கு. 1919இல் ஆம்ஸ்டர்டாமில் புதிய தொழிற்சாலை எழுந்தது. இனிமேல் பயணிகள் விமானம்.

அந்த விமானங்களின் இறக்கையைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். அக்காலத்தில் பல விமானங்களின் இறக்கைகளைக் கம்பிகளும் கால்களும் வெளியிலிருந்து தாங்கின. ஃபோக்கர் இறக்கைக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. உள்ளே நீளமாக ஓடும் மரச்சட்டங்கள், குறுக்கே மர விலா எலும்புகள், மேலே பிளைவுட் என்ற ஒட்டுப்பலகைத் தோல். எல்லாவற்றையும் பசை சேர்த்துப் பிடித்தது. மூடிய பெட்டிபோல் இருந்ததால் இறக்கை இலேசாகவும் உறுதியாகவும் இருந்தது. காற்றைத் தடுக்க வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. 1924இல் கேஎல்எம் நிறுவனம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜாகார்த்தாவுக்கு, முதன்முதலாகப் பறந்தது இத்தகைய இறக்கை கொண்ட ஃபோக்கர் எஃப்-7 விமானத்தில்தான். வழியில் இயந்திரம் பழுதாகிப் பல்கேரியாவில் காத்திருந்தார்கள். அக்டோபர் 1ஆம் தேதி புறப்பட்டவர்கள் நவம்பர் 24ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்து அமெரிக்கா. அங்கே ஃபோக்கர் என்றாலே ஜெர்மன் போர் விமானம் என்ற எண்ணம் இருந்தது. அதனால் நியூ ஜெர்சியில் தொடங்கிய நிறுவனத்துக்கு அட்லாண்டிக் என்று பொதுவான பெயரை வைத்தார். அயல்நாட்டுப் பொருளை விற்க வருபவரின் முதல் தந்திரம் அது. இரண்டாவது தந்திரம் அதற்கு நேர் எதிரானது. 1925இல் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆதரவில், விமானங்கள் நம்பத்தக்கவை என்று காட்டுவதற்காக ஒரு நீண்ட பறத்தல் போட்டி நடந்தது. ஃபோக்கர் தம் எஃப்-7க்கு மேலும் இரண்டு இயந்திரங்களைப் பொருத்தி, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார். ஓர் இயந்திரம் நின்றாலும் இரண்டு ஓடும் என்பது பயணிகளுக்குச் சட்டென்று புரியும் வாதம். விமானத்தின்மீது தம் பெயரைத் தூரத்திலிருந்தும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதியிருந்தார். ஊர் ஊராகப் போன அந்தப் பயணத்தில் செலவு ஃபோர்டுடையது, புகழ் ஃபோக்கருடையது. அந்த விமானத்தையே ஃபோர்டு குடும்பம், பேர்டு என்பவரின் 1926 வடதுருவப் பயணத்துக்காக வாங்கியது. அவர் உண்மையில் துருவத்தைத் தொட்டாரா என்பதில் இன்றும் சந்தேகம் உண்டு. 1928இல் அமேலியா இயர்ஹார்ட் அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடந்த முதல் பெண்ணாக ஆனது ஒரு ஃபோக்கரில். அதே ஆண்டு கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பசிபிக் கடலைக் கடந்ததும் ஒரு ஃபோக்கரில். பெயரை மறைத்து வந்தவரின் பெயரே இப்போது விலைபோனது. 1929இல் ஜெனரல் மோட்டார்ஸ் அவருடைய அமெரிக்க நிறுவனத்தில் 40 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது.

1931 மார்ச் 31. கான்சஸ் சிட்டியிலிருந்து புறப்பட்ட டிடபிள்யூஏ நிறுவனத்தின் ஃபோக்கர் எஃப்-10 ஒன்று, பசார் என்ற சிற்றூரின் மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஓர் இறக்கை வானத்திலேயே தனியே பிரிந்திருந்தது. இறந்தவர்களில் ஒருவர் நோட்டர் டேம் பல்கலைக்கழகக் காற்பந்துப் பயிற்றுநர் நூட் ராக்னி. அமெரிக்கர்கள் அவரைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் நேசித்தார்கள். நாடே துக்கம் காத்தது; அதிபர் ஹூவர் இரங்கல் தெரிவித்தார். மற்ற ஏழு பேரின் பெயர்களைத் தேடிப் பிடிக்க எனக்கு நெடுநேரம் ஆனது. அது தனிக் கதை.

அதுவரை அமெரிக்க அரசு விமான விபத்துகளின் காரணத்தைப் பெரும்பாலும் வெளியே சொல்லாது. இந்த முறை மக்கள் விடவில்லை. அதிகாரிகள் முதலில் பனிக்கட்டி உந்துவிசிறியை உடைத்தது என்றார்கள். பிறகு அந்த விளக்கத்தைக் கைவிட்டார்கள். கடைசியில் சந்தேகமெல்லாம் இறக்கைமீது குவிந்தது. ஈரத்தில் பசை விட்டுப்போனதா, கட்டுக்கடங்காத அதிர்வில் இறக்கை முறிந்ததா என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அன்று எல்லாரையும் கலங்கடித்தது வேறொரு செய்தி. இறக்கைக்குள் பசை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், மேல்தோலை உரித்தெடுக்க வேண்டும். வேறு வழியே இல்லை. நம் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் பலகை அலமாரியை நினைத்துப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே தண்ணீர் இறங்கி, அடுக்கடுக்காக உப்பி, ஒருநாள் கதவே கையோடு வந்துவிடும். அந்த ஒருநாள்வரை நமக்குத் தெரியாது.

மே மாதத் தொடக்கத்தில் அந்த ரக விமானங்கள் பயணிகளை ஏற்றக்கூடாது என்று அரசு தடை விதித்தது. சோதனைக்குப் பிறகு மீண்டும் பறக்கலாம் என்றார்கள். ஆனால் அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு பெரிது, ஏற ஆளும் இல்லை. அதே ஆண்டில் ஃபோக்கர் ஜெனரல் மோட்டார்ஸை விட்டு விலகினார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விழுந்த விமானம் அயல்நாட்டில் செய்யப்பட்டதல்ல. அவருடைய அமெரிக்கத் தொழிற்சாலையில் அமெரிக்கத் தொழிலாளர்கள் கட்டியது. பெயர்தான் அயல்நாட்டுப் பெயர். ஆகவே அவருக்கு அநியாயம் நடந்தது என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 1917, 1918 விசாரணைகளைப் படித்தபின் அந்த இரக்கம் குறைந்துவிட்டது. எங்கே பலவீனம் என்று அவருக்கு இரண்டு முறை சொல்லப்பட்டிருந்தது. பறந்து காட்டுவதில் இருந்த அக்கறையில் கால்வாசி, பட்டறையில் பசையைச் சோதிப்பதில் இருந்திருக்கலாம்.

மர இறக்கையை இனி யாரும் நம்பமாட்டார்கள் என்று உணர்ந்த டிடபிள்யூஏ, 1932இல் முழுதும் உலோகத்தால் ஆன விமானம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதியது. டக்ளஸ் நிறுவனம் அதற்குக் கொடுத்த பதில்தான் டிசி-1. அதிலிருந்து டிசி-2 வந்தது. ஃபோக்கர் என்ன செய்தார்? டிசி-2 விமானத்தை ஐரோப்பாவில் விற்கும் உரிமையை வாங்கிக்கொண்டார்! தம் விமானத்தைச் சந்தையிலிருந்து விரட்டியதையே தம் நாட்டுக்காரர்களிடம் விற்றார். அது தோல்வியை ஒப்புக்கொள்ளும் துணிவா, வெறும் வியாபார மூக்கா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம்.

இப்போது அமெரிக்க விமானம்தான் ஐரோப்பாவில் அயல்நாட்டுச் சரக்கு. அது தன்னை நிரூபித்துக் காட்டிய பாதை நம் ஊர் வழியாகப் போனது. 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு நடந்த விமானப் பந்தயத்தில், கேஎல்எம் தன் டிசி-2 விமானமான ஊவரை அனுப்பியது. வேறு சிலர் பந்தயத்துக்கென்றே விமானம் செய்து வந்தபோது, இது மூன்று பயணிகளையும் அஞ்சல் மூட்டைகளையும் சுமந்து வந்தது. எல்லாரும் கட்டாயம் இறங்க வேண்டிய ஐந்து இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் புயலில் வழி தவறியபோது, ஆல்பரி நகர மக்கள் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றிக் கார்களை நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் அதை இறக்கினார்கள். அப்படியும் இரண்டாவதாக மெல்பர்னை அடைந்தது. இரண்டே மாதத்தில், டிசம்பர் 20ஆம் தேதி, அதே ஊவர் ஈராக் பாலைவனத்தில் விழுந்து ஏழு பேரும் இறந்தார்கள். ஆயினும் கேஎல்எம் டிசி-2 வாங்குவதை நிறுத்தவில்லை. ஒரு விபத்து ஒரு விமானத்தை அழித்துவிடுகிறது, இன்னொன்று அழிப்பதில்லை. இதை நான் அத்தைக்குச் சொன்னபோது அவர் நீண்ட நேரம் பதில் எழுதவில்லை.

ஃபோக்கர் 1939 டிசம்பர் 23ஆம் தேதி நியூயார்க்கில் மூளை உறை அழற்சியால் இறந்தார். வயது 49. அவர் பெயரில் நிறுவனம் தொடர்ந்தது. 1950களில் அது எஃப்-27 என்ற உலோக விமானத்தைச் செய்தது. அதில் உலோகத் தகடுகளை எப்படி இணைத்தார்கள் தெரியுமா? பெரும்பகுதி பசையால்தான். ஆனால் இந்த முறை, ஒட்டிய இடத்தைப் பிரிக்காமலே உள்ளே பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒலி அலைகளால் சோதிக்கும் ஒரு கருவியையும் அந்த நிறுவனமே உருவாக்கியது. ஃபோக்கர் பாண்ட் டெஸ்டர் என்பது அதன் பெயர். விமானத் துறையில் வேறு பல நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தின.

எஃப்-27க்குப் பின் வந்தது ஃபோக்கர் 50. 1996இல் நிறுவனம் நொடித்துப்போன பிறகும் அந்த விமானங்கள் நம் நாட்டில் பறந்தன. 2007இல் பினாங்கிலிருந்து லங்காவிக்கு அப்படி ஒன்றில்தான் அத்தை முதன்முதலாக விமானம் ஏறினார். அன்று அதை யார் செய்தது என்று விசாரித்தாரா என்று புலனத்தில் கேட்டேன். இல்லையாம். சன்னல் இருக்கை கிடைத்ததும், விசிறிச் சத்தத்தில் காது அடைத்ததும் மட்டும் நினைவிருக்கிறதாம்.